சொரியாசிஸுக்கு ஹோமியோபதி: அப்பாவின் கிளினிக் மருந்தை நிறுத்தலாமா?

உரும்பிராய் மகள்:
வணக்கம். அறுபது வயதைத் தாண்டிய என் அப்பா இன்னமும் வெங்காயத் தோட்டம் செய்கிறார். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் அவருக்கு நெடுங்காலமாகச் சொரியாசிஸ் இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேற் குளிசையை வாரத்தில் ஒரு நாள் எடுக்கிறார், களிம்பும் பூசுகிறார். நோய் ஓரளவு அடங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் காலையில் பாயை உதறினால் வெள்ளைச் செதில்கள் தவிடுபோலக் கொட்டுகின்றன. கோயில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம் மாறிய நாளிலிருந்து அப்பா பந்திக்குப் போவதையே விட்டுவிட்டார்.

இப்போது உறவினர் ஒருவர் அவரை ஹோமியோபதி வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறார். ஆங்கில மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்தினால்தான் தன்னுடைய உருண்டைகள் வேலை செய்யும் என்றும், தொடக்கத்தில் தோல் மோசமானால் நோய் உள்ளிருந்து வெளியேறுவதாகக் கொள்ள வேண்டும் என்றும் அவர் சொன்னாராம். அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. மருந்தை நிறுத்தலாமா? ஹோமியோபதி இதற்கு எவ்வளவு தூரம் உதவும்?

கொக்குவில் மருந்தாளர்:
தங்கச்சி, கிளினிக் வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்த விடாதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சொரியாசிஸ் இரத்தம் கெட்டு வருவதுமல்ல, தொற்றுவதுமல்ல. பந்தியில் எழுந்து போனவருக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி, பரம்பரையாக வரும் ஒரு போக்கினால், தோலைத் தேவையில்லாமல் தூண்டிவிடுகிறது. அடித்தோலில் பிறக்கும் ஒரு கலம் மேலே வந்து உதிர்வதற்கு வழக்கமாக ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். இந்நோயில் அது சில நாட்களிலேயே மேலே வந்துவிடுவதால், முதிராத கலங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வெள்ளிநிறச் செதிலாகின்றன. அந்தச் செதிலைப் பிய்த்தால் அடியில் ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள் தெரியும். பிய்ப்பதும் சொறிவதும் கூடாது, ஏனென்றால் காயம்பட்ட இடத்திலேயே புதிய படை எழும்பக்கூடும். தோட்டத்தில் முழங்கால் ஊன்றி வேலை செய்பவர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஹோமியோபதியை 1796 இல் ஜெர்மனியரான சாமுவேல் ஹானிமன் முன்வைத்தார். சொரியாசிஸுக்கு ஆர்செனிக்கம் அல்பம், கிராபைற்றிஸ், சல்பர் போன்றவற்றைக் கொடுப்பார்கள். போத்தலில் 30 சி என்று எழுதியிருந்தால், மூலப்பொருளை நூறில் ஒரு பங்காக 30 தடவை ஐதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதாவது 1 க்குப் பின்னால் 60 பூச்சியங்கள் வரும் மடங்கு ஐதாக்கியிருக்கிறார்கள். 12 சி யைக் கடக்கும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சும் வாய்ப்பு அற்றுப் போகிறது. ஹோமியோபதி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பரிசீலித்த அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிச் சபை, எந்த நோய்க்கும் அது பயன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று 2015 இல் அறிவித்தது. மஹோனியா என்னும் செடியின் சாறு கலந்த களிம்பு சில ஆய்வுகளில் ஓரளவு பலன் காட்டியது உண்மைதான். ஆனால் அதில் செடியின் சத்து அளந்து பார்க்கும் அளவுக்கு இருக்கிறது. அதை வைத்து ஐதாக்கிய உருண்டைகளுக்குச் சான்று காட்ட முடியாது.

ஆகவே உருண்டை செய்யும் கெடுதியைவிட, கிளினிக் மருந்தை நிறுத்துவதால் வரும் கெடுதிதான் பெரிது. மெதோட்ரெக்ஸேற்றை விட்டால் அடங்கிய படை திரும்பக் கிளம்பும். அது நோய் வெளியேறுவது அல்ல, நோய் திரும்புவதுதான். வாயால் எடுக்கும் ஸ்ரெரொயிட்டைச் சடுதியாக விட்டவர்களுக்கு உடல் முழுவதும் சிவந்து, சீழ்க்கொப்புளம் எழும்பி, வார்ட்டில் கிடக்க நேர்வதுண்டு. பெயர் ஒட்டாத களிம்போ குளிசையோ எவர் தந்தாலும் வாங்க வேண்டாம். அவற்றில் ஸ்ரெரொயிட் கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியவே வராது.

இன்னொன்று: அப்பா பிரஷருக்குக் குளிசை எடுக்கிறாரா? புரோபிரனோலோல் போன்ற பீற்றா தடுப்பு மருந்துகளும், மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியமும் சொரியாசிஸைக் கிளப்பிவிடக்கூடியவை. எடுத்தால் அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நல்லூர் அம்மா:
பிள்ளை, எனக்கும் இந்த வருத்தம் இளம் வயதிலிருந்து இருக்கிறது. ஹோமியோபதி எடுத்த காலத்தில் எனக்கும் நன்றாகக் குறைந்தது. ஒன்றும் எடுக்காத காலங்களிலும் அப்படியே குறைந்திருக்கிறது. தானாகக் கூடுவதும் தானாக அடங்குவதும் இந்த நோயின் குணம் என்பதால், அடங்கும் வேளையில் கையில் இருந்த மருந்துக்கே பெயர் போய்விடுகிறது. ஆனால் அந்த வைத்தியர் என் நித்திரை, கவலை, சாப்பாடு எல்லாவற்றையும் ஆறுதலாக இருந்து கேட்டார். கூட்டம் நிரம்பிய கிளினிக்கில் அது கிடைப்பதில்லை; உங்கள் அப்பா அங்கே போக விரும்புவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். ஆகையால் அவரைக் கண்டிக்க வேண்டாம். கிளினிக் நாளில் கூடப் போய், பந்தியில் நடந்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது, குளித்த பின் தோலை இழுக்கும். ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வெள்ளை வாசலினோ பூசினால் செதில் மெதுவாகும். காலை இளவெயில் நல்லது. மதிய வெயிலில் தோல் எரிந்தால் படை கூடும்.

உரும்பிராய் மகள்:
இருவருக்கும் மிக்க நன்றி. அப்பா பிரஷருக்கு எடுப்பது அடினோலோல் என்று போத்தலில் இருக்கிறது. இன்னுமொரு கேள்வி: சில காலமாகக் காலையில் எழும்பும்போது விரல்கள் மடங்கவில்லை என்கிறார். மண்வெட்டி பிடிப்பதால் வருவது என்று நினைத்திருந்தோம். நகங்களிலும் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கின்றன.

கொக்குவில் மருந்தாளர்:
அடினோலோலும் அந்தப் பீற்றா தடுப்பு வகைதான், மாற்ற வேண்டுமா என்று வைத்தியரே தீர்மானிக்கட்டும். விரல் விடயத்துக்கு அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள். நகக்குழியும் காலை விறைப்பும் சேர்ந்து வந்தால் சொரியாசிஸ் மூட்டுவாதமாக இருக்கலாம். அரிக்கப்பட்ட மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது. விறைப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடிக்கிறதா, எந்த விரல் வீங்குகிறது என்பதை எழுதிக்கொண்டு போங்கள். மெதோட்ரெக்ஸேற்றைத் தவறியும் தினமும் எடுத்துவிடக்கூடாது, ஆபத்தாக முடியும்; ஈரலுக்கும் இரத்தத்துக்கும் செய்யும் பரிசோதனையையும் விட வேண்டாம். உருண்டைப் போத்தலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அப்பா என்னென்ன எடுக்கிறார் என்பது முழுவதும் வைத்தியருக்குத் தெரிய வேண்டும்.