மாட்டாஸ்பத்திரிப் பயிற்சியில் மறக்க முடியாத நாள்: உங்களுக்கு எது?

கல்லல் செல்வி:
பயிற்சிக்குப் போன மூன்றாவது வாரம். புதுவயல் பக்கம் ஒரு செவலைப் பசு. இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, வாயில் நூல் நூலாக எச்சில். "பனங்கொட்டை அடைச்சிருக்கும், கையை விட்டுப் பாரு ஆத்தா" என்றார் அந்த வீட்டு ஆச்சி. டாக்டர் மருந்துப் பெட்டி எடுக்க வண்டிக்குப் போயிருந்தார். கையுறை இல்லாமலே முழங்கை வரை விட்டுவிட்டேன். கொட்டை எதுவும் தட்டுப்படவில்லை. கையை இன்னும் உள்ளே நகர்த்தும்போது மாடு கத்தியது. மாட்டுக் குரலே இல்லை அது, உடைந்து கரகரவென்று வந்தது. டாக்டர் வாசலிலிருந்தே "கையை எடு!" என்று அலறினார்.

பசுவுக்கு வெறிநோய். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அதைத் தெருநாய் கடித்ததாம். அதை அப்புறம்தான் சொன்னார்கள். கிணற்றடியில் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். பெருவிரல் நகக்கண்ணில் வைக்கோல் கீறிய ஒரு கோடு இருந்தது. சோப்பு பட்டதும் அது எரிந்தபோதுதான் எனக்குக் கால் நடுங்கியது. மாடு நாலாம் நாள் செத்துப்போனது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

தேவகோட்டை ராஜா:
உங்களைத் தனியாக மாட்டருகில் விட்டதுதான் முதல் தப்பு. பயிற்சிக்குச் சேரும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

எனக்கு மறக்காதது செட்டிநாடு கால்நடைப் பண்ணையைத் தாண்டி ஒரு வீட்டில். கன்று போட்ட மறுநாள், கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிட்ட பசு. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பால்காய்ச்சல், அதாவது கன்று போட்டதும் ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவது. 450 மில்லி கால்சியம் பாட்டிலைப் பிடிக்கும் வேலை எனக்கு. வேகமாக இறங்கினால் இதயமே நின்றுவிடும். டாக்டர் ஸ்டெத்தை வைத்துக்கொண்டு கண்ணைக் காட்டக் காட்ட, பாட்டிலை ஏற்றி இறக்கினேன். பாதி போனதும் ஒரு ஏப்பம், அப்புறம் சாணி போட்டது. அந்தச் சாணியைப் பார்த்து அழுதுவிட்டேன்.

கானாடுகாத்தான் மணி:
ராஜா, டாக்டரை மட்டும் சொல்லாதீர்கள். ஒரே ஆள் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்?

என் கதை சின்னது. கன்று வீசிய, அதாவது கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தேன், அப்புறம் மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா கிருமி என்றார்கள். அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: எச்சில் ஒழுகினால் கையை விடுவதற்கு முன்னால் "நாய் கடித்ததா?" என்று கேளுங்கள். ஒருமுறை இல்லை, வீட்டில் இருக்கிற எல்லாரிடமும். நஞ்சுக்கொடியைத் தொடத் தோள்வரை வருகிற கையுறை வேண்டும். எடுத்ததை நாய் இழுக்காதபடி ஆழமாகப் புதையுங்கள். கருவுற்ற பெண்கள் கிட்டவே போகக் கூடாது. அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போடுங்கள், நீங்களாக ஊசி போடாதீர்கள். செல்வி தங்கச்சி, ஊசியெல்லாம் முடித்தீர்களா?

கல்லல் செல்வி:
முடித்தேன் அண்ணே. கீறலைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே தடுக்கும் எதிர்ப்பு மருந்து), அப்புறம் 0, 3, 7, 14, 28ஆம் நாள் என்று ஐந்து தடுப்பூசி. தண்ணீர் காட்டிய கையில் எச்சில் பட்டதால் ஆச்சிக்கும் போடச் சொன்னார்கள். "எனக்கு எதுக்கு?" என்று மறுத்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஐந்து முறையும் ஒரே பஸ்ஸில்தான் போய் வந்தோம்.