அம்மாவின் கடவுச்சீட்டில் பிறந்த திகதி பிழை. பயணமோ அடுத்த வாரம்

கேள்வி (கிளிநொச்சி):
அக்காவின் பிரசவத்துக்காக அம்மா கனடா செல்லவிருக்கிறார். விசா கிடைத்துப் பயணச்சீட்டும் எடுத்த பின்னரே, மார்ச் 5 என்றிருக்க வேண்டிய பிறந்த திகதி கடவுச்சீட்டில் மே 3 என்று அச்சாகியிருப்பதைக் கண்டோம். விண்ணப்பப் பிரதியில் சரியாகவே உள்ளது. இப்படியே பயணம் செய்யலாமா?

பதில் (வவுனியா):
வேண்டாம். படமுள்ள பக்கத்தின் அடியில் இரண்டாவது வரியைப் பாருங்கள். பிறந்த திகதி ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் ஆறு இலக்கங்களாகவும், அதையடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கமும் இருக்கும். விமான நிலையக் கருவி வாசிப்பது அந்த வரியைத்தான் என்பதால், பேனாவால் திருத்தி முத்திரை குத்துவதில் பயனில்லை. அடையாள அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ஆண்டைக் குறிக்கும் இலக்கங்களுக்குப் பின்வரும் மூன்றும் நாட்கணக்கு, அதாவது பிறந்தது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். மார்ச் 5 என்றால் 565, மே 3 என்றால் 624. அம்மாவின் அட்டையில் 565 இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது.

பதில் (முல்லைத்தீவு):
பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் (நம்மவரில் யாரிடம்தான் மிஞ்சியது!) பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதியைப் பெற்றுக்கொண்டு, முதலில் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் விசாரியுங்கள், அங்கே அவசரத்துக்கு வழியில்லையென்றால் பத்தரமுல்லைத் தலைமை அலுவலகம்தான். விசாவும் பிழையான திகதியில் வழங்கப்பட்டிருக்கும் என்பதால், கனடிய உயர் ஸ்தானிகராலயத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பயணத் திகதியைத் தள்ளிவைக்க முகவருடன் இன்றே பேசுவது நல்லது.