ஜெனோவாவில் ஒரு நாள்: எந்தத் தெருக்கள்?

ஆம்பூர்: மிலான் தோல் கண்காட்சி முடிஞ்சு ஒரு நாள் இருக்கு. இத்தாலித் துறைமுக நகரம் ஜெனோவாவில எங்க நடக்கலாம், சொல்லுங்கண்ணே.

வாணியம்பாடி: ரயில்ல ஒன்றரை மணி நேரம் சொச்சம். பியாட்சா பிரின்சிபே ஸ்டேஷன்ல இறங்குங்க தம்பி. வியா தி ப்ரே தெரு வழியா நுழைஞ்சா ஆப்பிரிக்கா, தெற்காசியா மளிகைக் கடைங்க. சந்துங்க ரொம்பக் குறுகல், ரெண்டு பக்கமும் ஆறேழு மாடி, அதனால போன் மேப்ல நாம நிக்கற இடத்தைக் காட்டற புள்ளி தாவும். சரிவுல இறங்கிட்டே இருங்க, துறைமுகம் வந்துடும்.

வேலூர்: கதவு எண்ணுலதான் பலரும் அலையறாங்க. கடைக்குச் சிவப்பு, வீட்டுக்குக் கறுப்பு, ரெண்டும் தனி வரிசை. விலாசத்துல ‘12 ஆர்’னு இருந்தா சிவப்பு 12. கறுப்பு 12 வேற எங்கேயோ இருக்கும்.

பேரணாம்பட்டு: வியா கரிபால்டி தெரு மாளிகைகளை விடாதீங்க, 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தவை. திறந்திருந்தா முற்றம் வரைக்கும் போங்க, அழகே உள்ளதான். பக்கத்துல பியாட்சா போர்தெல்லோ லிஃப்ட்ல காஸ்தெல்லெத்தோ மேட்டுக்கு ஏறினா கூரைங்களுக்கு மேல துறைமுகம் முழுசாத் தெரியும்.