மாந்தோப்பை வெட்டாமல் ஒருவருக்கே கொடுத்து மற்றவர்களுக்குப் பணம்: இங்கிலாந்து நிலக்கிழார் பாணி உயில் நம்மூரில் நிற்குமா?

தென்பெண்ணைக்கரை:
காவேரிப்பட்டணம் பக்கம் பெரியப்பாவுக்கு 12 ஏக்கர் இருக்கிறது. அதில் 7 ஏக்கர் மாந்தோப்பு, அவரே கிரயம் வாங்கியது. மீதி 5 ஏக்கர் புஞ்சை, தாத்தா வழிப் பூர்வீகச் சொத்தைப் பாகப்பிரிவினை செய்தபோது வந்தது. ஒரே கிணறு, ஒரே மின் இணைப்பு. இரண்டு மகன்கள், ஒரு மகள். பெரியம்மாவும் இருக்கிறார். தோப்பைத் துண்டு போட்டால் யாருக்கும் பிரயோசனம் இருக்காது என்று பெரியப்பா சொல்கிறார். விவசாயம் பார்க்கிற மூத்தவருக்கே நிலம் முழுவதும், ஓசூரில் வேலை பார்க்கும் இளையவருக்கும் தருமபுரியில் இருக்கும் மகளுக்கும் பணம், பெரியம்மாவுக்கு வருடா வருடம் ஒரு தொகை. இப்படித்தான் இங்கிலாந்துப் பெரிய நிலக்காரர்கள் உயில் எழுதினார்கள் என்கிறார்கள். இங்கே அது செல்லுமா? எப்படி எழுதுவது?

பழைய_பத்திரம்:
பெரியப்பா சொல்கிற ஏற்பாடு அப்படியே அவர்களுடையதுதான். ஆனால் அது எங்கே உடைந்தது என்பதையும் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் நிலத்தை உயிலால் கொடுக்கும் உரிமை 1540-ல் எட்டாம் ஹென்றி காலச் சட்டத்தால்தான் வந்தது. அப்போதும் ராணுவச் சேவைக்காக வைத்திருந்த நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எழுத முடியும். உயில் இல்லாமல் இறந்தால் நிலம் மூத்த மகனுக்கு மட்டும் போகும் என்ற விதி 1925 சட்டம் வரும்வரை இருந்தது. பெரிய குடும்பங்கள் இதற்கு மேல் போய், திருமணத்தின்போதே ஒரு ஒப்பந்தமும் எழுதிவைத்தன. மூத்தவனுக்கு ஆயுள் அனுபவம் மட்டும், அவனுக்குப் பிறகு அவன் மகனுக்கு நிலம். விதவையாகும் மனைவிக்கு ஆண்டுத் தொகை. இளைய பிள்ளைகளுக்கு ஆளுக்கு இவ்வளவு பவுண்டு. இந்தப் பணம் எல்லாம் நிலத்தின் மேல் பொறுப்பாக ஏற்றப்பட்டது. பெட்டியில் ரொக்கம் இருந்து கொடுத்ததில்லை, குத்தகை வருமானத்திலிருந்தோ நிலத்தை அடமானம் வைத்தோதான் கொடுக்கவேண்டும்.

கோளாறு அங்கேதான். தொகை நிரந்தரம், வருமானம் நிரந்தரம் இல்லை. 1870-களுக்குப் பிறகு அமெரிக்கத் தானியம் வந்து குவிந்து கோதுமை விலை சரிந்தது, குத்தகையும் சரிந்தது. நல்ல காலத்தில் எழுதிய தொகைகள் மட்டும் குறையவில்லை. நிலம் முழுசாக இருந்தது, அதன் மேல் வட்டியும் முழுசாக இருந்தது. ஆயுள் அனுபவக்காரர் விற்க முடியாமல் தவித்ததால் 1882-ல் தனிச் சட்டம் போட்டு விற்கும் அதிகாரம் கொடுத்தார்கள். 1894-ல் இறப்பின்போது கட்டும் வரியும் சேர்ந்துகொண்டது.

மாங்காய்க்கும் இதே கதிதான். ஒரு வருடம் காய்த்தால் அடுத்த வருடம் ஏமாற்றும். பெங்களூரா ரக மாங்காயின் விலை மாங்கூழ் ஆலைகள் வாங்குவதைப் பொறுத்து ஏறி இறங்கும். அதனால் "மகளுக்கு வருடம் இவ்வளவு ரூபாய்" என்று ஒரே எண்ணாக எழுதாதீர்கள். காய்க் குத்தகைத் தொகையில் இத்தனை பங்கு என்று எழுதுங்கள், அல்லது மொத்தத் தொகையைத் தவணைகளாகப் பிரித்து, காய்ப்பு தப்பிய ஆண்டுத் தவணையை அடுத்த ஆண்டுக்குத் தள்ள இடம் வையுங்கள். நம் நாட்டில் இறப்பின்போது கட்டும் எஸ்டேட் வரி 1985-லேயே போய்விட்டது, அந்தச் சுமை இல்லை.

கோர்ட்_ரோடு_தருமபுரி:
முதலில் அவர் எதை எழுத முடியும் என்று பார்ப்போம். 12 ஏக்கரையும் எழுத முடியாது. சுயமாக வாங்கிய 7 ஏக்கர் முழுக்க அவர் இஷ்டம். பூர்வீகச் சொத்தின் பாகமாக வந்த 5 ஏக்கரில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் மகனுக்குச் சமம், தகப்பனார் 2005-ல் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே வேண்டாம் என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. ஆக அவரும் மூன்று பிள்ளைகளும் சேர்த்து நான்கு பங்கு. ஐந்து ஏக்கரில் அவருடையது 1 ஏக்கர் 25 சென்ட். உயிலில் அடங்குவது மொத்தம் 8 ஏக்கர் 25 சென்ட்தான். மீதி 3 ஏக்கர் 75 சென்டையும் மூத்தவருக்குச் சேர்க்க வேண்டுமானால் இளையவரும் மகளும், பெரியப்பா உயிரோடு இருக்கும்போதே, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கவேண்டும். உயிலில் என்ன எழுதினாலும் அது அவர்களைக் கட்டாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் அதற்கு முந்தைய மூலப் பத்திரத்தையும் எடுத்துப் பார்த்து, பூர்வீகம்தானா, தாத்தாவின் சுயார்ஜிதமா (அவரே சம்பாதித்ததா) என்று முதலில் உறுதி செய்யுங்கள். கணக்கே அதில் மாறிவிடும்.

பெரியம்மா விஷயத்தில் கவனம் தேவை. "ஜீவனாம்சத்துக்காக இந்த நிலத்தை ஆயுள்வரை அனுபவிக்கவேண்டியது" என்று எழுதினால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-வது பிரிவின்படி அது முழு உரிமையாகிவிட்டது என்று பின்னால் வாதம் கிளம்பும். 1977 துளசம்மா தீர்ப்பு அந்த வாதத்துக்கு வலு. இங்கிலாந்துக்காரர்கள் செய்தபடி நிலத்தைத் தொடாமல் விட்டு, வீட்டில் குடியிருக்கும் உரிமையும் ஆண்டுத் தொகையும் கொடுத்து, அதைத் தரும் கடமையை மூத்தவர் மேல் வைப்பது சிக்கல் குறைந்த வழி.

எழுதும் முறை: இரண்டு சாட்சிகள் கட்டாயம். பெரியப்பா கையெழுத்து போடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்கவேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கவேண்டும். பிறகு அவர் முன்னிலையில் அவர்கள் கையெழுத்திடவேண்டும். சாட்சி அவரைவிட வயதில் இளையவராக, ஊரிலேயே இருப்பவராக இருக்கட்டும். பதிவு செய்த உயிலையும் கோர்ட்டில் நிரூபிக்க ஒரு சாட்சியாவது கூண்டில் ஏறவேண்டும், அங்கேதான் பல உயில்கள் தோற்கின்றன. மூத்தவர் எழுத்தரிடம் கூட்டிப்போவது, பணம் கட்டுவது, பக்கத்திலேயே நிற்பது எல்லாம் வேண்டாம். அதிகம் பெறுகிறவர் முன்னின்று எழுதவைத்தால் சந்தேகச் சூழ்நிலை என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நிலத்துக்கு புரோபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) கேட்க மாட்டார்கள்.

எஞ்சிய சொத்து பற்றி ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கவும். இந்த உயிலில் சொல்லாதது, பின்னால் வாங்குவது, வங்கியில் கிடப்பது யாருக்கு என்று எழுதாவிட்டால் அந்தப் பகுதி உயில் இல்லாத சொத்தாகி, மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாகப் பிரியும்.

தென்பெண்ணைக்கரை:
ரொம்ப நன்றிங்க. இன்னும் இரண்டு கேள்வி. மூத்தவர் பணம் கொடுக்காமலே நிலத்தை விற்றுவிட்டால் தங்கச்சி என்ன செய்வது? "பேரன் காலம்வரை விற்கக்கூடாது" என்று பெரியப்பா ஒரு வரி கேட்கிறார், போடலாமா?

பழைய_பத்திரம்:
இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். சந்ததிக்கும் சேர்த்து நிலத்தைப் பூட்டப் பார்த்தவர்களில் பேர்போனவர் பீட்டர் தெல்லுசன். லண்டன் வணிகர், யார்க்ஷரில் பிராட்ஸ்வொர்த் எஸ்டேட்டை வாங்கியவர், 1797-ல் இறந்தார். சொத்தின் பெரும்பகுதியின் வருமானத்தை மகன்களோ பேரன்களோ தொடக்கூடாது. தான் இறக்கும்போது இருக்கும் மகன், பேரன், கொள்ளுப்பேரன் எல்லோரும் இறந்து முடியும்வரை அது குட்டிபோட்டு வளரவேண்டும். அதன் பிறகு மூன்று மகன்களின் ஆண் வழி மூத்த வாரிசுகளுக்குப் போகவேண்டும். இதுதான் உயில். 1805-ல் பிரபுக்கள் சபை செல்லும் என்றது, ஆனால் அதற்கு முன்பே, 1800-ல், இனி யாரும் இப்படிச் செய்யாதபடி பாராளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. கடைசிப் பேரன் 1856-ல் இறந்தார். யார் வாரிசு என்ற வழக்கு 1859 வரை ஓடியது. வழக்குச் செலவும் நிர்வாகச் செலவும் வளர்ச்சியின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன.

அந்தத் தடைதான் நம் 1925 வாரிசுரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. வருமானத்தைச் சேர்த்துவைக்கச் சொல்வது பொதுவாக 18 ஆண்டுக்கு மேல் செல்லாது. "சர்வ சுதந்திர பாத்தியதையாய் அடையவேண்டியது" என்று ஒரு வரியிலும் "விற்கக்கூடாது" என்று அடுத்த வரியிலும் எழுதினால் இரண்டாவது வரி செத்துவிடும். பேரன் பிறந்திருந்தால் மகனுக்கு ஆயுள் அனுபவம், பேரனுக்கு முழு உரிமை என்று எழுதலாம். ஆனால் மூத்தவர் அப்போது நிலத்தை முழுசாக வங்கியில் அடமானம் வைக்க முடியாது, தங்கச்சி பணத்தைத் திரட்டுவது எப்படி? அந்த வரி வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கோர்ட்_ரோடு_தருமபுரி:
முதல் கேள்விக்கு: "மூத்த மகன் பணம் கொடுக்கவேண்டியது" என்று மட்டும் எழுதினால் அது அவர் மேல் கடமை, நிலத்தின் மேல் பிடிப்பு இல்லை. தொகை, எத்தனை தவணை, பெரியப்பா இறந்து எத்தனை மாதத்தில் முதல் தவணை, தவறினால் என்ன வட்டி, எந்த சர்வே எண் இதற்குப் பொறுப்பு என்று ஐந்தையும் எழுதவேண்டும். அப்போதும் ஒரு ஓட்டை இருக்கிறது. உயில் சார்பதிவகத்தில் 3-ம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கச் சான்று 1-ம் புத்தகத்தைப் பார்த்து வருவது. அதனால் வில்லங்கத்தில் இந்தப் பொறுப்பு தெரியாது. விவரம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவர் மேல் பொறுப்பை அமல்படுத்த முடியாது. ஆகவே பெரியப்பா காலத்துக்குப் பிறகு, மூத்தவர் பொறுப்பை ஒப்புக்கொண்டு ஒரு பத்திரம் பதியவேண்டும், அதன் பிறகே நிலம் அவர் பெயருக்கு வரும் என்று நிபந்தனை போடுங்கள். அந்தப் பத்திரம் வில்லங்கத்தில் வரும்.

மகளுக்குக் கல்யாணத்தில் போட்ட நகை, இளையவருக்குப் படிப்புச் செலவு இதையெல்லாம் கழித்துத்தான் தொகை என்றால் அதையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் கழிக்க முடியாது.

புலப்படம்:
நிலத்தை விவரிக்கும் இடத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. பழைய பத்திரத்தில் ஏக்கர் சென்ட், பட்டாவில் ஹெக்டேர் ஏர். 7 ஏக்கர் என்பது 2.83 ஹெக்டேர் வரவேண்டும். பட்டாவில் குறைந்திருந்தால் உயில் எழுதுவதற்கு முன்பே அளக்க மனு கொடுத்துச் சரிசெய்யுங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், பட்டா எண், நான்கு பக்கச் செக்குபந்தி (எல்லை விவரம்) நான்கும் இருக்கட்டும்.

5 ஏக்கர் பிரிந்தே ஆகும் என்றால் கிணறு எந்தத் துண்டில் விழுகிறது என்பதே மற்றதன் விலையைத் தீர்மானிக்கும். கிணற்றில் யாருக்கு எத்தனை பாகம், மோட்டார் ஓட்டும் முறை நாள், மின் இணைப்பு யார் பெயருக்கு மாறும், பழுதுச் செலவு எப்படி, பைப்பு போகும் தடம், டிராக்டர் போக எத்தனை அடி வண்டிப்பாதை என்று எழுதவும். "மாமூல் தடம்" என்று மட்டும் விட்டால் பத்து வருடத்தில் வேலி போட்டுவிடுவார்கள். படம் வரைந்து அளவு குறித்து, பெரியப்பாவும் சாட்சிகளும் அதிலும் கையெழுத்துப் போட்டு உயிலோடு இணையுங்கள்.

பிற்பாடு மனசு மாறி தோப்பையும் பிரிப்பதாக இருந்தால் சென்ட் கணக்கில் பிரிக்காமல் மரக் கணக்கில் பிரியுங்கள். 10 மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு 40 மரம். ஆனால் பெங்களூரா 40-ம் அல்போன்சா 40-ம் ஒரே விலை போகாது, வயதான மரமும் இளமரமும் ஒன்றாகாது.