தோடி கேட்டால் தீட்சிதர் வருகிறார்: இசைத் தேடல் கருவிக்கு விளக்கம் எழுத உதவி தேவை

கேசட்பெட்டி:
வணக்கம். அப்பா சேர்த்து வைத்த 640 கர்நாடக இசை கேசட்டுகளில் இதுவரை 210-ஐ எம்பி3 ஆக்கியிருக்கிறேன். பாடல், ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர் என்று விவரமெல்லாம் தமிழிலேயே எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் உள்ளன. ஏஐ ஏஜென்ட் இதில் தேடித் தரட்டும் என்று எம்சிபி (ஏஜென்டை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக ஒரு கருவி எழுதினேன். அதற்கு நான் கொடுத்த விளக்கம் இவ்வளவுதான்:

"இசைத் தொகுப்பில் தேடும். ராகம், பாடல், பாடகர் எதைக் கொடுத்தாலும் அதற்குரிய பதிவுகள் வரும்."

பாராமீட்டர் (கருவிக்குக் கொடுக்கும் உள்ளீடு) ஒன்றே ஒன்று, 'வினவல்'. நேற்று அப்பா "தோடியில் என்னென்ன இருக்கு?" என்று கேட்டார். ஏஜென்ட் கொடுத்த பட்டியலில் 'வாதாபி கணபதிம்' இருந்தது! அது ஹம்சத்வனி ராகம் என்று எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். விளக்கத்தை ஏழு முறை மாற்றிவிட்டேன், "தவறான தகவல் தராதே" என்றுகூட எழுதினேன். பலன் இல்லை. எப்படித்தான் எழுதுவது?

நள்ளிரவுக்கோடு:
"தவறான தகவல் தராதே" என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். ஏஜென்டுக்கு உங்கள் அலமாரியைப் பற்றி எதுவும் தெரியாது. விளக்கத்தில் இருப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். "ராகத்தைக் கொடுத்தால் அதற்குரிய பதிவுகள் வரும்" என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். வந்ததையெல்லாம் தோடி என்று நம்பியது அதன் குற்றமா?

ராகம், பாடல், பாடியவர், இயற்றியவர் என்று பாராமீட்டர்களைப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையான ஓர் உதாரணம் கொடுங்கள். விளக்கம் தமிழில் இருந்தால் பரவாயில்லை. ஆனால் தரவு எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில்தான் தேட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அது ஆங்கில எழுத்தில் தோடியை நாலு விதமாக எழுதித் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று கைவிரிக்கும்.

சுருதிபேதம்:
நல்ல யோசனை, ஆனால் கோளாறு விளக்கத்தில் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். தேடலுக்கு எஸ்க்யூலைட்டின் முழு உரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5 பயன்படுத்துகிறீர்களா? உரையைச் சொற்களாகப் பிரிக்கும் டோக்கனைசரை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறீர்களா? தப்பாக வருவதெல்லாம் முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய பாடல்களா?

கேசட்பெட்டி:
ஆமாம், ஆமாம், ஆமாம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள் சார்?

சுருதிபேதம்:
இயல்பாக வரும் யூனிகோட்61 டோக்கனைசர் எழுத்துகளையும் எண்களையும் மட்டும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் எழுத்து அல்லாத வேறு வகை, எம்சி, எம்என் என்ற குறி வகைகள். அவை வந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடும். 'தோடி' வெறும் 'த', 'ட' ஆகிவிடுகிறது. இயற்றியவர் பெயரான 'தீட்சிதர்' என்பது 'த', 'ட', 'ச', 'தர'. அடுத்தடுத்து 'த', 'ட' வருகிறதா, பொருந்திவிட்டது! தாடி என்று தேடினாலும் இதே பட்டியல்தான் வரும்.

டோக்கனைசர் அமைப்பில் 'கேட்டகரீஸ்' என்ற விருப்பம் இருக்கிறது. அதில் ஏற்கெனவே உள்ளவற்றோடு எம்என், எம்சி இரண்டையும் சேர்த்து அட்டவணையைப் புதிதாகக் கட்டுங்கள். அப்புறம், 'தோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (இரண்டாக உள்ளதை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்கோடு:
அடடா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அலமாரியில் இந்துஸ்தானியும் உண்டா? அங்கே தோடி என்பது நம் சுபபந்துவராளிக்குப் பக்கத்தில் வருவது. நம் தோடிக்கு நெருக்கமானது அவர்களுடைய பைரவி. ஏஜென்ட் எங்கேயோ படித்ததை வைத்து இரண்டையும் குழப்பும். 'மரபு' என்று ஒரு பாராமீட்டர் வைத்து, கர்நாடகம், இந்துஸ்தானி என்ற இரண்டு மதிப்புகளை மட்டும் அனுமதியுங்கள்.

கேசட்பெட்டி:
அட்டவணையைப் புதிதாகக் கட்டிவிட்டேன், தீட்சிதர் இறங்கிவிட்டார். 'கமலாம்பிகே' மட்டும் நிற்கிறது, அது உண்மையிலேயே தோடிதான். இந்துஸ்தானி பத்துப் பன்னிரண்டு இருக்கிறது, அதனால் மரபும் சேர்த்தாயிற்று. புது விளக்கம் இது:

"வீட்டு கேசட் தொகுப்பில் எம்பி3 ஆக்கப்பட்ட பதிவுகளை மட்டும் தேடும். 640-ல் 210 கேசட்டுகளே முடிந்துள்ளன. முடிவு எதுவும் வராவிட்டால் 'இன்னும் மாற்றப்படாமல் இருக்கலாம்' என்று சொல்லவும், 'தொகுப்பில் இல்லை' என்று சொல்ல வேண்டாம். ராகம்: தமிழ் எழுத்தில், முழுப் பெயர், எ.கா. தோடி, கல்யாணி. அனுமதோடி, மேசகல்யாணி என்று கொடுத்தாலும் அதே ராகமாக எடுத்துக்கொள்ளும். ஒரே பாடலைப் பலர் பாடியிருக்கலாம், ஒவ்வொன்றும் தனிப் பதிவு."

சரியா?

சுருதிபேதம்:
சரி. ஆனால் மேசகல்யாணி என்று கொடுத்து ஓட்டிப் பார்த்தீர்களா?

கேசட்பெட்டி:
இல்லை சார்... இப்போது பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. மாற்றுப்பெயர்ப் பட்டியலில் அனுமதோடியை மட்டும்தான் போட்டிருந்தேன். சேர்த்துவிட்டேன், இப்போது வருகிறது. கடைசியாக ஒன்று: ராகமாலிகையை (பல ராகங்களில் அமைந்த ஒரே பாடல்) எப்படி வைப்பது? ராகம் என்ற கட்டத்தில் ஒரு பெயர்தானே போக முடிகிறது.

சுருதிபேதம்:
ராகங்களுக்குத் தனி அட்டவணை போட்டுப் பதிவு எண்ணால் இணையுங்கள், ஒரு பதிவுக்கு எத்தனை வரிகளும் இருக்கலாம். அதையும் விளக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஓட்டிப் பார்த்த பிறகு.