கல்யாண ஃபோட்டோ வேலைக்குக் கேனான் ஆர்8 கேமரா எடுக்கலாமா, பழைய ஆர்6 எடுக்கலாமா?

உசிலம்பட்டியான்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான்கு வருடமாக மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் உதவிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், வரும் தையிலிருந்து சொந்தமாக ஆர்டர் எடுக்கப் போகிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், இதுதான் வேலை. கையில் இருப்பது கேனான் 200டி கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸ். அம்மா நகையை வைத்து இரண்டு லட்சம் புரட்டியிருக்கிறேன், அதனால் தப்பாக எதையும் வாங்கிவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. கடையில் புது ஆர்8 எடுக்கச் சொல்கிறார்கள், 24 மெகாபிக்சல். தெரிந்தவர் ஒருவர் பழைய ஆர்6 தருகிறார், அது 20தான். எதை எடுக்க?

மேலூர் ஸ்டூடியோ:
தம்பி, ஆர்6 எடுங்கள். அதில் இரண்டு மெமரி கார்டு போடலாம், ஒன்று கெட்டாலும் மற்றதில் படம் இருக்கும்; ஆர்8-இல் ஒன்றுதான். திருப்பரங்குன்றத்தில் ஒரு முகூர்த்தம் எடுத்துவிட்டு மண்டபத்துக்கு வந்து கார்டை லேப்டாப்பில் சொருகினேன், ஃபார்மட் செய்யச் சொன்னது. அப்போது என்னிடம் இருந்த கேமராவில் ஒரு ஸ்லாட்தான். ரெக்கவரி போட்டுப் பார்த்ததில் மாலை மாற்றியது வரை வந்தது, தாலி கட்டியது வரவில்லை. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, "சரி விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அந்த வீட்டு ஆல்பத்தில் அந்தப் பக்கம் இல்லாமல் போனது போனதுதான்.

20 மெகாபிக்சல் போதுமா என்று யோசிக்காதீர்கள். 12-க்கு 36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம். ஆர்6 படத்தின் நீளம் 5472 பிக்சல், பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வகுத்தால் 18 அங்குலத்துக்கு மேலேயே வரும்.

தெப்பக்குளம் கேண்டிட்:
அண்ணன் சொன்னதுதான் என் கருத்தும். ஆனால் அந்த 18-55-ஐ ஆர்6-இல் மாட்ட வேண்டாம், அது 200டியின் சின்ன சென்சாருக்கான லென்ஸ், படம் 8 மெகாபிக்சலுக்கும் கீழே சுருங்கிவிடும். அது 200டியிலேயே இருக்கட்டும், இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள். 50 எம்எம்மை ஆர்6-இல் மாட்ட ஒரு அடாப்டர் போதும். மிச்சப் பணத்தில் பழைய 24-70 2.8 லென்ஸ் ஒன்று தேடுங்கள், மண்டபத்தில் முக்கால்வாசி வேலை அதில்தான் நடக்கும்.

இன்னொன்று, மேடை எல்இடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று சைலண்ட் (எலக்ட்ரானிக்) ஷட்டர் போட்டால் பட்டுப்புடவை மேல் பட்டை பட்டையாகக் கோடு விழும். கெட்டிமேளத்தில் ஷட்டர் சத்தம் யார் காதிலும் விழாது, மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 நொடி வையுங்கள்.

வாடிப்பட்டி:
வாங்குவதென்றால் மார்கழி பிறக்கும் முன் வாங்கிவிடுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், மெனு எல்லாம் கைக்குப் பழகும். முதல் வேலையாக இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி மாற்றுங்கள், வாங்கும்போது அப்படி இருக்காது. ரெண்டு ஸ்லாட் இருக்கிறதே என்று சும்மா நம்பி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

உசிலம்பட்டியான்:
ரொம்ப நன்றி அண்ணே. ஞாயிற்றுக்கிழமை ஆர்6 பார்க்கப் போகிறேன். இரண்டு கார்டிலும் ரா (கேமரா பதிந்தபடியே இருக்கும் பெரிய கோப்பு) போடவா, ஒன்றில் ஜேபெக் (சுருக்கிய படம்) போதுமா?

மேலூர் ஸ்டூடியோ:
இரண்டிலும் ரா. பார்க்கப் போகும்போது கார்டு இரண்டைக் கையோடு கொண்டுபோங்கள், இரண்டு ஸ்லாட்டிலும் போட்டு ஒரு நூறு படம் எடுத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.