உப்பலவாடி வீட்டுக் குழு: சூரியனா, புகையா?

ஞாயிற்றுக்கிழமை, அக்னி நட்சத்திரம்

முதுநகர் மாமா, காலை 6:48
அனைவருக்கும் வணக்கம். துறைமுகத்து நண்பர் ஒருவர் நேற்றிரவு அனுப்பிய பதினொரு நிமிடக் காணொளியை மேலே இட்டிருக்கிறேன். பூமி சூடாவது சூரியனின் வேலை, கரியமில வாயு காற்றில் பத்தாயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்குதான், 31,000 விஞ்ஞானிகள் புகைதான் காரணம் என்ற கதையை மறுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் அதில் விவரமாகச் சொல்கிறார்கள். பெரிய அத்தான் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெரியப்பா, காலை 7:10
முழுவதும் பார்த்துவிட்டேன், தம்பி. 1972 டிசம்பரில் கடலூரைப் புயல் தாக்கியபோது எனக்குப் பதினான்கு வயது. எதிர்வீட்டுக் கூரை எங்கள் கிணற்றடியில் வந்து விழுந்ததை நின்று பார்த்தவன் நான். அன்றைக்குக் கார்பன் என்ற பேச்சே கிடையாது. இப்போது நெய்வேலிச் சுரங்கத்தில் 33 ஆண்டுகள் உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் என்னிடம், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன், "தாத்தா, பூமியைச் சூடாக்கியது நீங்கள்தானாமே" என்று கேட்கிறான். அவன் புத்தகத்தைவிட இந்தக் காணொளி எனக்கு நியாயமாகப் படுகிறது.

பண்ருட்டி அத்தை, காலை 7:22
குழுவின் சட்டத்தை மறந்துவிட வேண்டாம். குரல் பதிவும் ஆங்கில எழுத்தில் தமிழும் இங்கே செல்லாது. வாதாட விரும்புகிறவர்கள் முழு வாக்கியத்தில், தமிழ் எழுத்தில் வாதாடலாம். முப்பது வருடம் திருத்திய சிவப்பு மை இன்னும் என்னிடம் மிச்சம் இருக்கிறது.

லாஸ்பேட்டை அண்ணன், காலை 7:31
அப்பா, உங்களைப் புண்படுத்த அவன் சொல்லவில்லை. அதை நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன். ஆனால் காணொளியை நம்புவது வேறு விஷயம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நீங்கள் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் விளையாட விட்ட மணல் எங்கே போயிற்று? கடல்மட்டம் உயர்ந்து விழுங்கிவிட்டது. பாறைகளைக் கொட்டி ஊரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

நான், காலை 7:58
அண்ணா, உங்கள் பக்கம்தான் நானும். அதனாலேயே உங்களைத்தான் முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த மணலை எடுத்துக்கொண்டது துறைமுகம். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்ததும் அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே இருந்த நகரத்துக் கரைக்கு வரத்து நின்றுபோய், அலை கரையை அரித்துக்கொண்டே போனது. பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு தடுப்பை இறக்கியதும் மணல் மறுபடியும் சேர்ந்ததை நீங்களே பார்த்தீர்கள். போன பொங்கலுக்கு அதில்தான் பட்டம் விட்டோம். கடல் உயர்ந்ததுதான் காரணம் என்றால் மணல் எப்படித் திரும்பி வந்திருக்கும்?

கடல்மட்டம் உயர்வது உண்மை. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியில் ஏறத்தாழ 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, அதன் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். ஆனால் ஒரு தலைமுறைக்குள் ஒரு முழுக் கடற்கரையை விழுங்கும் அளவு அதில் இல்லை.

முதுநகர் மாமா, காலை 8:04
பார்த்தீர்களா அத்தான், பாப்பாவே ஒத்துக்கொள்கிறாள். ஒன்று பொய்யென்றால் மற்றதும் அப்படித்தான் இருக்கும்.

நான், காலை 8:19
மாமா, உங்கள் ஏலக்கூடத்தில் ஒரு கூடை வஞ்சிரம் கெட்டுப்போனால் படகையே கடலில் தள்ளிவிடுவீர்களா? காணொளியின் மூன்று கூற்றுகளையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

கையெழுத்துக் கணக்கு சீக்கிரம் முடிகிற விஷயம். அது அமெரிக்காவின் ஓரிகானிலிருந்து 1998-இல் சுற்றுக்கு விடப்பட்ட மனு; அறிவியலில் ஓர் இளநிலைப் பட்டம் இருந்தால் யாரும் கையெழுத்திடலாம். நம் குழுவிலேயே நான்கு பேருக்கு அந்தத் தகுதி உண்டு, பண்ருட்டியில் பல் மருத்துவம் பார்க்கும் சின்ன மாமாவையும் சேர்த்து.

சூரியனைப் பற்றிய கேள்வி நியாயமானது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரியனிலிருந்து வரும் ஆற்றலை நேரடியாக அளந்து வருகின்றன. பதினோராண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குகிறதே தவிர, இந்தக் காலத்து வெப்ப உயர்வுக்கு ஈடாக ஏறவே இல்லை. இன்னொரு சோதனையும் இருக்கிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். கரியமில வாயு காரணம் என்றால் கீழடுக்கு சூடாகி, ஓசோன் இருக்கும் மேலடுக்கு குளிர வேண்டும். 1967-இலேயே மனாபே என்ற ஜப்பானிய விஞ்ஞானி தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து இதைக் கணக்கிட்டுச் சொன்னார். பின்னால் அளந்து பார்த்தபோது மேலடுக்கு குளிர்ந்திருந்தது. 2021-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

பண்ருட்டி அத்தை, காலை 8:27
பத்தாயிரத்தில் நான்கு பங்கு என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு வாளித் தண்ணீரில் எத்தனை சொட்டு நீலம் விடுகிறோம்? இரண்டு சொட்டு கூடினால் வேட்டியின் கதி என்ன என்று உங்கள் மாமாவைக் கேளுங்கள். தானே புயலுக்கு மறுநாள் நீல வேட்டியோடுதான் முந்திரித் தோப்பைப் பார்க்கப் போனார்.

நான், காலை 8:33
அத்தையின் சொட்டு நீலம்தான் சரியான விளக்கம். காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் தரையிலிருந்து எழும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. தடுப்பவை நீராவியும் கரியமில வாயுவும் போன்ற சிறுபான்மை வாயுக்கள் என்பதை 1859-இல் டிண்டால் என்ற விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு நிறைந்த குழாய் கூடுதலாகச் சூடேறுவதைக் கவனித்தார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, 1958-இல் ஹவாய்த் தீவின் மலைச்சரிவில் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

பெரியப்பா, காலை 9:02
இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தேன். கூடியிருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன், அம்மா. அது நாம் எரித்ததிலிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்கிறாய்? வாயுவில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறதா?

நான், காலை 9:20
எழுதியிருக்கிறது, பெரியப்பா, அதுவும் உங்களுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி கோடி வருடங்களுக்கு முந்தைய காடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற, தானே சிதையும் கார்பன் வகை சிறிதளவு இருக்கும். மரம் செத்தபின் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். கோடி வருடம் கிடந்த கரியில் அது துளியும் மிஞ்சாது. ஆகவே நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து காற்றில் கலக்கக் கலக்க, காற்றில் கார்பன்-14இன் விகிதம் நீர்த்துப்போக வேண்டும். அப்படித்தான் நீர்த்திருக்கிறது என்பதை 1950களில் ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து காட்டினார்.

பெரியப்பா, காலை 9:26
எரிமலையிலிருந்து வரும் கரியமில வாயுவும் பழையதுதானே? அதிலும் கார்பன்-14 இருக்காதே?

நான், காலை 9:41
இதைத்தான் எதிர்பார்த்தேன், பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன்கூட என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கார்பன்-13 என்று இன்னொன்று உண்டு, அது சிதையாதது. செடிகள் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு இலேசான கார்பனையே விரும்பி எடுத்துக்கொள்ளும். ஆகவே செடியிலிருந்து உண்டான கரியில் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவில் அந்தக் குறைவு கிடையாது. காற்றில் கார்பன்-13இன் விகிதமும் குறைந்துகொண்டே வருகிறது. கூடவே ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைகிறது, ஏனென்றால் எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும், எரிமலை வாயுவுக்கு வேண்டாம். அளவிலும் பார்த்தால், எரிமலைகள் ஓர் ஆண்டில் விடுவது மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பெரியப்பா, காலை 9:58
கார்பன்-13 எனக்குப் புதிது. பிடி கொடுக்காமல் பேசுகிறாய்.

முதுநகர் மாமா, காலை 10:15
இமயமலைப் பனியெல்லாம் 2035-க்குள் உருகிவிடும் என்று ஐ.நா. அறிக்கையில் எழுதிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார்களே, அதற்கு என்ன பதில், பாப்பா?

நான், காலை 10:32
எழுதியது உண்மை, தவறு என்பதும் உண்மை. 2007 அறிக்கையில் வந்தது. 2010 ஜனவரியில் அதை எழுதிய ஐ.நா. காலநிலை அமைப்பே பிழையை ஒப்புக்கொண்டது. அதற்கு முன், 2009-இல், நம் புவியியலாளர் வி.கே. ரைனா சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்காக எழுதிய ஆய்வுரை பனியாறுகள் அவ்வளவு வேகமாக மறைவதற்குச் சான்றில்லை என்றது. அமைப்பின் தலைவராக இருந்த பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்று இகழ்ந்தார். அது அவருக்கு அழகாக இல்லை. ஆனால் பனியாறுகள் சுருங்குகின்றன என்பதில் மாற்றமில்லை. தவறியது ஆண்டுக் கணக்கு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் பனியாற்றில் ஏறி அளந்தவர்களே. உங்கள் காணொளிக்காரர் இதுவரை எதையாவது திருத்திக்கொண்டதாகத் தெரிகிறதா?

சந்தேகப்படுவதை நான் குறை சொல்லவில்லை, மாமா. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் முல்லர் என்ற இயற்பியலாளர் இருக்கிறார். வெப்பநிலைக் கணக்குகளில் அவருக்கும் ஐயம் இருந்தது. நகரத்துச் சூடு கணக்கைக் கெடுத்திருக்குமோ, நிலையங்களைப் பொறுக்கி எடுத்திருப்பார்களோ என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பதிவுகளையெல்லாம் திரட்டித் தாமே புதிதாகக் கணக்கிட்டார். அதற்குப் பணம் தந்தவர்களில் எண்ணெய்த் தொழில் செல்வந்தர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் ஒன்று. 2012-இல், நிலப்பரப்பின் வெப்பம் 250 ஆண்டுகளில் ஏறத்தாழ 1.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது, அதற்குக் காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதர்களே என்று அவரே எழுதினார்.

லாஸ்பேட்டை அண்ணன், காலை 10:40
எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களிலும் 80களிலும் போட்ட வெப்ப முன்கணிப்புகள் பெரும்பாலும் பலித்திருக்கின்றன என்று 2023-இல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்ததே, அதையும் மாமாவுக்குச் சொல். உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு பேச்சு.

பெரியப்பா, காலை 11:05
என் புயலுக்கு இன்னும் பதில் வரவில்லை. 2024 ஃபெஞ்சலுக்குப் பிறகு இந்த வீட்டில் புகுந்த தண்ணீர், மேலே அணை நிரம்பித் திறந்துவிட்டதால் தென்பெண்ணையில் வந்த தண்ணீர். பீரோவின் மூன்றாவது தட்டு வரை துருக்கோடு இருக்கிறது. அதையும் கார்பன் தலையில் கட்டுவீர்களா?

நான், காலை 11:30
கட்ட மாட்டேன். வங்கக் கடலில் புயல் என்றைக்கும் உண்டு. 2020-இல் நம் புவி அறிவியல் அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையே, 1951 முதல் பார்த்தால் வட இந்தியப் பெருங்கடலில் புயல்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்கிறது. அதே அறிக்கை, 2000-க்குப் பிறகு பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில் மிகக் கடும் புயல்கள் கூடியிருக்கின்றன என்றும், இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது என்றும் சொல்கிறது. மேலைநாட்டுச் சதி என்று மாமா தள்ளிவிட முடியாது. அளந்தவர்கள் நம் ஆட்கள்.

ஃபெஞ்சல் ஒன்றை மட்டும் காட்டி, இது வெப்ப உயர்வால் வந்தது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தனிப் புயல் ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அணை நிரம்பியதற்கு முன்னால் மழை இருந்தது, பெரியப்பா. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் பெய்தது. தென்பெண்ணையின் மேற்பகுதியில், ஊத்தங்கரையில் 50 செ.மீ. அணையை எப்போது, எவ்வளவு திறக்க வேண்டும் என்பது நிர்வாகக் கேள்வி. அதைக் கேட்பதற்கு வெப்ப உயர்வை மறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெரியப்பா, காலை 11:44
சரி. பேரனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

நான், காலை 11:59
அவனுடைய கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. சூடாகிறதா, எதனால் என்பது ஒன்று. யார் பொறுப்பு என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வி சுட்டதால் நீங்கள் முதல் கேள்வியையே மறுக்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தவறாக இருந்தால் திட்டுங்கள். இந்தியாவில் ஒரு தலைக்கு வெளியாகும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. நீங்கள் வெட்டிய கரியில்தான் நான் மின்விளக்கில் படித்தேன், அவன் மின்விசிறியில் தூங்குகிறான். அந்த வேலையை உங்களிடம் கேட்டது இந்த நாடு. அதற்காக நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை; ஏறவில்லை என்பதற்காகக் கரி எரிந்தால் கரியமில வாயு வராது என்றும் ஆகிவிடாது.

லாஸ்பேட்டை அண்ணன், மதியம் 12:03
அடுத்த சனிக்கிழமை அவனை அங்கே கூட்டிவருகிறேன், அப்பா. நீங்களே பேசுங்கள்.

பெரியப்பா, மதியம் 12:25
ஓய்வு பெற்ற அன்று நண்பர்கள் கொடுத்த கரித்துண்டு ஒன்று கண்ணாடி அலமாரியில் இருந்தது; உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தில் ஊறி, காய்ந்தபோது இரண்டாகப் பிளந்துவிட்டது. தூக்கிப்போட மனமில்லாமல் செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்திருந்தேன். இப்போதுதான் இறக்கிப் பார்த்தேன். பிளந்த முகத்தில் மரத்தின் வரிகள், நேற்று அறுத்த பலா மரத்தைப் போல, விரல் வைத்து எண்ணலாம் போல இருக்கின்றன. அவனை வரச் சொல்.

முதுநகர் மாமா, மதியம் 12:31
காணொளியை நீக்கிவிடவா, அத்தான்?

பண்ருட்டி அத்தை, மதியம் 12:34
நீக்க வேண்டாம், இருக்கட்டும். அதற்குக் கீழே இந்த உரையாடல் முழுவதும் இருக்கிறதல்லவா. அனுப்பிய நண்பருக்கு இதையும் சேர்த்து அனுப்புங்கள்.

முதுநகர் மாமா, மதியம் 12:40
அவர் படிக்க மாட்டார். கார்பன்-13 என்பதை மட்டும் நான்கு வரியில் எழுதிக் கொடு, பாப்பா. மாலையில் வலை பின்னும் இடத்தில் நானே வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன்.